ஹீல்ஸில் கல் வேலை: ஒட்டுவதா, தைப்பதா, செய்யக் கொடுப்பதா?

திருமண வரவேற்பு மேடையில் அணியும் ஹீல்ஸ் கல் பதித்ததாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. வேலைப்பாடு இல்லாத ஹீல்ஸ் ஒன்றை வாங்கி, கற்களை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டலாம். பின்பக்கத்தில் பசையோடு வரும் ஹாட்ஃபிக்ஸ் கற்களைச் சூட்டில் பதிக்கலாம். சின்ன உலோகக் கிண்ணங்களில் பொருத்திச் சரமாக விற்கும் ஸ்டோன் செயினை வாங்கி விளிம்புகளில் சுற்றலாம். துணியில் ஆரி வேலை செய்யச் சொல்லி, அந்தத் துணியையே அப்பராக, அதாவது ஷூவின் மேற்பகுதியாக, வெட்டி ஷூ செய்து வாங்கவும் செய்யலாம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கல் ஹீல்ஸும் உண்டு. ஆனால் அவற்றில் விலை குறைந்தவை பெரும்பாலும் கல் ஒட்டிய வலைத்துணியை ஷூவின் மேல் போர்த்தியவை. கால் அளவும் நிறமும் பொருந்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இந்த வழிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் மினுமினுப்பையும் மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது, ஷூ எந்த இடத்தில் வளைகிறது என்பதுதான். முன்பக்கம் மூடிய ஒரு ஹீல்ஸை எடுத்துக்கொண்டால், விரல் முனையை மூடும் பகுதிக்குள் டோ பஃப் என்னும் விறைப்பான தகடு இருக்கும். குதிகாலைச் சுற்றிய பகுதிக்குள் கவுண்டர் என்னும் இன்னொரு விறைப்பான தகடு இருக்கும். ஹீல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது. மெல்லிய ஹீல் என்றால் உள்ளே எஃகுக் கம்பி ஒன்றும் நிற்கும். இந்த மூன்று இடங்களும் நடக்கும்போது அசைவதில்லை. விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்துக்கு மேலே இருக்கும் தோல் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் மடிந்து விரிகிறது. எந்தப் பசையால் ஒட்டினாலும், எவ்வளவு உயர்ந்த கல்லாக இருந்தாலும், முதலில் கழன்று விழுவது அந்த மடிப்பில் இருக்கும் கல்தான். மடியும்போது பக்கத்துப் பக்கத்துக் கற்கள் ஒன்றையொன்று நெம்புவதே அதற்குக் காரணம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில், அப்பரைக் கால் வடிவ அச்சில் இழுத்து ஏற்றும் லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்த எவரிடம் ஒரு ஷூவைக் கொடுத்தாலும், அவர் முதலில் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துத்தான் பார்ப்பார். கல் ஒட்டப் போகிறவரும் அதைச் செய்து, மடிப்பு விழும் இடத்தை மெல்லிய பென்சில் கோட்டால் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்குக் கல்லே வேண்டாம் என்பது என் கருத்து. முழுக்கக் கல் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அந்தப் பட்டையில் மட்டும் மிகச் சிறிய கற்களை, ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டுத் தூவினாற்போல் ஒட்டலாம். இதனால் அழகு குறையுமோ என்று கவலைப்படத் தேவையில்லை. பட்டுப் புடவையின் கொசுவத்துக்குக் கீழே வெளியே தெரிவது ஷூவின் முனை மட்டும்தான். மேடைப் படி ஏறும்போது பின்னால் நிற்பவர்களுக்கு ஹீலும் குதிகால் பகுதியும் தெரியும். கணுக்கால் தெரியும் லெஹங்கா அல்லது கவுன் அணிகிறவர்களுக்குத்தான் நடுப்பகுதியைப் பற்றிய கேள்வியே எழுகிறது. மணவறையில் செருப்புக்கு இடமில்லை என்பதால், இந்து மணப்பெண்கள் பலருக்கு ஹீல்ஸின் முழு வேலையும் வரவேற்பின் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சில தேவாலயங்களில் காலணியை வாசலிலேயே கழற்றுகிறார்கள், சிலவற்றில் உள்ளே அணிந்து செல்கிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செலவைத் தீர்மானிப்பது நல்லது.

இனி முதல் வழியைப் பார்க்கலாம். கல்லைக் கையால் ஒவ்வொன்றாக ஒட்டுவதில் பலர் குறைத்து மதிப்பிடுவது எண்ணிக்கையை. தட்டையான அடிப்பகுதி கொண்ட கற்களின் அளவை எஸ்எஸ் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எஸ்எஸ் 10 என்பது ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் விட்டம், எஸ்எஸ் 16 என்பது 3.9 மில்லிமீட்டர், எஸ்எஸ் 20 என்பது 4.7 மில்லிமீட்டர். ஒரு கல்லைச் சுற்றி ஆறு கற்கள் வரும்படி தேன்கூடு போல நெருக்கினால், 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை மூட எஸ்எஸ் 20 என்றால் சுமார் 520 கற்களும், எஸ்எஸ் 16 என்றால் சுமார் 760 கற்களும், எஸ்எஸ் 10 என்றால் சுமார் 1,470 கற்களும் தேவைப்படும். ஒரு காலின் வெளிப்பரப்பை ஹீலோடு சேர்த்து 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஜோடிக்கு எஸ்எஸ் 16 கற்கள் மூவாயிரம் வரை ஆகும். கற்கள் கிராஸ் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கிராஸ் 144 என்பதால், இருபத்தொரு கிராஸ் வாங்க வேண்டியிருக்கும். ஒரு கல்லுக்குப் பத்து வினாடி என்ற நல்ல வேகத்தில் ஒட்டினாலும் அது எட்டு மணி நேரத்துக்கு மேலான வேலை. எஸ்எஸ் 10 எடுத்தால் இரண்டு மடங்கு நேரம். முனையும் குதிகாலும் ஹீலும் மட்டும் என்று சுருக்கிக்கொண்டால் இதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். பாதிக் கல் வேலையைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் இரண்டாவது காரணம் இது.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய கல் வேகமாகப் பரப்பை மூடும். ஆனால் அதன் அடி தட்டையானது, ஷூவின் முனையோ உருண்டையானது. உருண்ட பரப்பில் எஸ்எஸ் 20 கல்லை வைத்தால் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு ஓரங்கள் தூக்கி நிற்கும், அந்த இடைவெளியில் புடவை நூல் மாட்டும். மெல்லிய ஹீலின் தண்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஆகவே பக்கங்களில் எஸ்எஸ் 16, முனையிலும் ஹீலின் மேற்பகுதியிலும் எஸ்எஸ் 10 முதல் 12 வரை, ஹீலின் ஒடுங்கிய அடிப்பகுதியில் 2 மில்லிமீட்டர் அளவுள்ள எஸ்எஸ் 6 என்று கலந்து வாங்குவதே சரி. ஒரே அளவில் ஒட்டினால் வளைவுகளில் வரிசை பிசகி வெற்றிடம் விழும் என்பதாலும், கலந்த அளவுகளில் அந்த இடத்தைச் சிறு கல்லால் அடைத்துவிடலாம் என்பதாலும், கை பழகாதவர்களுக்கு இதுதான் எளிது.

கல்லின் தரத்தைப் பொறுத்தவரை கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன: ஆஸ்திரியா, செக் நாடுகளில் வெட்டப்படும் உயர்தரக் கண்ணாடிக் கல், சீனத்திலிருந்து வரும் கண்ணாடிக் கல், அக்ரிலிக் அல்லது ரெசின் கல். ஆஸ்திரியாவின் வாட்டென்ஸ் ஊரில் 1895-இல் தொடங்கிய ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம், கைவேலைக்காரர்களுக்குச் சில்லறையில் உதிரிக் கற்கள் விற்பதிலிருந்து விலகுவதாக 2020-இல் அறிவித்தது. ஆகவே இன்று கடைக்காரர் 'சரோஸ்கி' என்று சொல்லி எடுத்து வைக்கும் கல் பெரும்பாலும் வேறு ஊர்ச் சரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் அது கெட்ட கல் என்று ஆகிவிடாது. செக் நாட்டின் பிரசியோசா கற்களும், நல்ல சீனக் கண்ணாடிக் கற்களும் மேடைக்குப் போதுமானவை. வாங்கும்போது நான்கைந்து கற்களைக் கறுப்புத் துணியில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்தால் போதும்: பட்டை முனைகள் கூர்மையாக இருக்கிறதா, நடுவிலுள்ள தட்டைப் பட்டை எல்லாக் கல்லிலும் ஒரே அளவா, பின்பக்க வெள்ளிப் பூச்சு கீறல் இல்லாமல் இருக்கிறதா என்பவை தெரிந்துவிடும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49; சாதாரணக் கண்ணாடியின் எண் 1.52. இந்த வித்தியாசம் சிறியது. அக்ரிலிக் கல் மங்கித் தெரிவதற்குப் பெரிய காரணம், அச்சில் வார்க்கப்படுவதால் அதன் பட்டைகளின் விளிம்புகள் மழுங்கியிருப்பதும், சீக்கிரம் கீறல் விழுவதும்தான். சிறுமிகளின் செருப்புக்கு, ஒரு நாள் நடன நிகழ்ச்சிக்கு அக்ரிலிக் போதும். வரவேற்பு மேடைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கல்லின் மேல் வானவில் படர்வது போலத் தெரியும் ஏபி பூச்சு, 1956-இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் கிறிஸ்தியன் டியோருடன் சேர்ந்து உருவாக்கியது. வெள்ளைக் கவுனுக்குக் கீழே அது அழகு. சரிகை நிறைந்த பட்டுக்குக் கீழே, எல்ஈடி விளக்கில், அது நீலமும் இளஞ்சிவப்புமாகச் சிதறிச் சரிகையோடு சண்டை போடும். அங்கே நிறமற்ற கல்லோ வெளிர் பொன்னிறக் கல்லோ நன்றாக இருக்கும்.

பசைதான் இந்த வழியின் உயிர். சட்டென்று கையில் கிடைப்பது ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசை. வேகமாகப் பிடிக்கும், ஆனால் காய்ந்தபின் கண்ணாடி போல விறைத்துவிடுவதால் லேசாக வளைந்தாலே உடைகிறது. அதிலிருந்து எழும் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படிகிறது, பின்பக்கப் பூச்சையும் மங்கச் செய்கிறது. அவசரத்துக்கு ஒன்றிரண்டு கல் ஒட்டுவதற்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி மிகவும் உறுதியானது. அதுவும் விறைப்பானது என்பதால் ஹீலுக்கு மட்டும் பொருந்தும். நாளடைவில் மஞ்சள் பூக்கும் குணமும் அதற்கு உண்டு. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் சொல்யூஷன், ரப்பர் கலந்த பசை. அது வளையும், ஆனால் மஞ்சளாகவும் நூல் நூலாக இழுபடுவதாகவும் இருப்பதால் சிறு கல்லுக்கு ஒவ்வாது. நீரில் கரையும் வகைப் பசைகளில் வாடை இல்லை, சிந்தினால் துடைக்கலாம், சாட்டின் துணிக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மட்டும் காய்வதற்குப் பொறுமை வேண்டும். தோலுக்கும் ரெக்ஸினுக்கும் நான் பரிந்துரைப்பது, காய்ந்தபின் ரப்பர் போல வளையும் நிறமற்ற பசைகளை: ஈ6000, பி7000 என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த வகை. சில நிமிடங்களில் பிடிக்கத் தொடங்கி, முழுப் பலம் பெற ஒன்று முதல் மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஈ6000 போன்றவற்றின் கரைப்பான் ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால் மொட்டைமாடியிலோ ஜன்னல் திறந்த அறையிலோதான் வேலை செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

வேலூரின் கோடைக்கு இன்னொரு விளைவும் உண்டு. நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசி மதியங்களில், வைத்த பசைத் துளியின் மேல் ஒரு நிமிடத்துக்குள் மெல்லிய ஏடு படிந்துவிடுகிறது. ஏடு படிந்த துளியின் மேல் வைத்த கல் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும், மறுநாள் நகத்தால் தட்டினால் விழும். அந்த மாதங்களில் காலை வேளையில், ஒரு முறைக்கு ஐந்தாறு கல்லுக்கு மேல் பசை வைக்காமல் வேலை செய்ய வேண்டும்.

துளியின் அளவு கைக்குப் பழக வேண்டிய விஷயம். ஊசி முனை கொண்ட சிரிஞ்சில் பசையை எடுத்து, கல்லின் விட்டத்தில் பாதி அளவுக்கு ஒரு துளி வைத்து, மெழுகு தடவிய குச்சியின் முனையால் கல்லைத் தொட்டு எடுத்து, துளியின் நடுவில் இறக்கி, குச்சியின் மறுமுனையால் லேசாக அழுத்த வேண்டும். கல்லின் அடியைச் சுற்றி மயிரிழை அளவுக்குப் பசை எட்டிப் பார்த்தால் துளி சரி. எதுவும் தெரியாவிட்டால் குறைவு. பட்டைகளின் மேல் ஏறிவிட்டால் அதிகம். அதை உடனே துடைக்கப் போனால் மெழுகுப் படலம் போலப் பரவி மினுமினுப்பைக் கொன்றுவிடும். அப்படியே விட்டு, பாதி காய்ந்து ரப்பராகும்போது குச்சி முனையால் உருட்டி எடுத்தால் சுத்தமாக வந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைத் தயார் செய்வதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தோல் பதனிடும் இடங்களில் ஃபினிஷிங் என்ற கடைசிக் கட்டத்தில் நிறமும் மெருகும் தரும் பூச்சு ஒன்று தோலின் மேல் ஏற்றப்படுகிறது. நாம் கல்லை ஒட்டுவது அந்தப் பூச்சின் மேல்தான். பூச்சு உரிந்தால் கல்லும் அதோடு வரும். ஷூ கம்பெனிகளில் சோல் ஒட்டும் முன் அப்பரின் ஓரத்தை ரஃபிங் செய்து சொரசொரப்பாக்குவது இதே காரணத்துக்காகத்தான். நாமும் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். அசிட்டோன் வேண்டாம், அது ஏபிஎஸ் ஹீலைக் கரைக்கும், கையில் ஒட்டியிருந்தால் கல்லின் பின்பூச்சையும் கெடுக்கும். கண்ணாடி போலப் பளபளக்கும் பேட்டன்ட் தோல் வாங்குவதையே தவிர்ப்பது நல்லது. ஸ்வேட் என்னும் மென்மயிர்ப் பரப்புள்ள தோலும், சாட்டின் துணி போர்த்திய ஹீல்ஸும் தேய்க்காமலே பசையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சாட்டினில் பசை அதிகமானால் எண்ணெய்க் கறை போல ஊறித் தெரியும்.

இரண்டாவது வழியான ஹாட்ஃபிக்ஸ், ரவிக்கைக்கும் துப்பட்டாவுக்கும் பழகியவர்களிடம் மிகவும் பிரபலம். சூட்டுக் கருவியின் முனையில் கல்லை வைத்து அழுத்தினால் பின்பக்கப் பசை உருகித் துணியின் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. துணியில் இது வேகமானது, சுத்தமானது. ஷூவில் மூன்று தடைகள் உண்டு. தோலின் பூச்சுக்கு இழை இல்லை, ஆகவே பசைக்குப் பிடி கிடைப்பதில்லை. ரெக்ஸின் அந்தச் சூட்டில் சுருங்கும் அல்லது பள்ளம் விழும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதால், அதற்கு மேல் சுடும் கருவியை ஹீலில் வைக்கவே கூடாது. சாட்டின் அல்லது வெல்வெட் போர்த்திய ஹீல்ஸின் பக்கங்களில் மட்டும், அதுவும் ஓரமாக ஒரு கல் வைத்துச் சோதித்த பிறகு, இதை முயலலாம். நான் கேட்டவரையில், இந்த வழியை ஷூவுக்கு விரும்பிச் சொல்கிறவர்கள் கருவியை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள்தான்.

ஸ்டோன் செயின் மூன்றாவது வழி. ஷூவின் வாய் விளிம்பில் ஒரு சுற்று, ஹீலும் அப்பரும் சேரும் கோட்டில் ஒரு சுற்று, ஸ்ட்ராப் இருந்தால் அதன் மேல் ஒரு வரிசை என்று முடித்துவிட்டால், ஒரு மாலைப்பொழுதில் ஜோடி தயார். செயினில் கற்கள் ஒவ்வொன்றும் தனிக் கிண்ணத்தில் இருப்பதாலும், கிண்ணங்களுக்கு இடையில் கண்ணி இருப்பதாலும், அது வளைவுக்கு இணங்கும்; மடிப்புக் கோட்டைக் குறுக்கே கடக்கும் விளிம்பில் தனிக் கல்லைவிட இது நிலைக்கும். குறை அதன் நகங்களில் இருக்கிறது. கல்லைப் பிடித்திருக்கும் உலோக நகங்கள் புடவையின் ஃபால்ஸ் தையலையும், கவுனின் வலைத்துணியையும், ஸ்டாக்கிங்ஸையும் பிடித்து இழுக்கும். ஆகவே உள்பக்கத்தில், அதாவது இரண்டு கால்களும் ஒன்றோடொன்று உரசும் பக்கத்தில், செயினைத் தவிர்த்துச் சிறு கற்களை ஒட்டுவது நல்லது.

நான்காவது வழி இந்த மாவட்டங்களுக்கே உரிய வசதி என்று சொல்லலாம். பழைய வேலூர் மாவட்டத்தை 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், தோல் வாங்க, அப்பர் தைக்க, சோல் ஒட்ட ஒரே பேருந்துத் தடத்தில் ஆள் கிடைக்கும் நிலை மாறவில்லை. அப்பர் தைக்கும் வேலையை வீட்டுக்கு எடுத்துச் செய்யும் பெண்கள் இங்கே பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆரி வேலை தெரிந்தவர்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இந்த இரண்டு கைகளையும் சேர்ப்பதுதான் அந்த வழி. முதலில் ஷூ செய்பவரிடம் அப்பரின் அளவில் வெட்டிய அட்டைப் பேட்டர்னை வாங்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாட்டின் துணியில் அதன் கோட்டை வரைந்து, கோட்டுக்குள் மட்டும் ஆரி வேலை செய்யச் சொல்ல வேண்டும். பிறகு துணியை வெட்டி, பின்பக்கம் லைனிங் வைத்து, லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சில் ஏற்றிச் சோல் ஒட்டுவார்கள்.

இதில் இரண்டு தொழிலுக்கும் நடுவே விழும் இடைவெளியை வாடிக்கையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரவிக்கை போட்டுப் பழகிய ஆரிக்காரப் பெண், "ஓரம் வரைக்கும் ஃபுல்லா போட்டுத் தந்துடறேன்க்கா, கேப் தெரியாது" என்று நல்ல மனத்தோடு சொல்வார். ஷூவுக்கு அது கூடாது. லாஸ்டைச் சுற்றித் துணியைக் குறடால் அடிப்பக்கம் இழுத்து மடிக்கும் பகுதி ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். அதில் கல்லோ ஜம்கியோ இருந்தால் குறடு அதை நொறுக்கும், சோலும் சரியாக ஒட்டாது. முனையை இயந்திரத்தில் லாஸ்டிங் செய்தால் அங்கே இருக்கும் கற்கள் நசுங்கும் என்பதால், கையால் இழுத்து ஏற்றித் தருவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆரித் தையல் சங்கிலித் தையல் என்பதால் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். துணியின் பின்பக்கம் பசை தடவி நூலைக் கட்டிவிடச் சொல்வது கட்டாயம். இவ்வளவும் சரியாக அமைந்தால், நான்கு வழிகளிலும் பார்வைக்கு மிகச் செழுமையானது இதுதான்: ஜர்தோசியும் முத்தும் கல்லும் கலந்து, ரவிக்கையின் கை வேலையோடு பொருந்தும் ஹீல்ஸை வேறு எந்த வழியிலும் பெற முடியாது. மடிப்புக் கோட்டிலும் நூலால் தைத்த வேலை ஒட்டிய கல்லைவிட அதிகம் தாங்கும். விலை, நேரம் இரண்டிலும் இதுவே அதிகம். ஒரே ஒரு ஜோடிக்கு லாஸ்ட் ஏற்ற ஒப்புக்கொள்ளும் சிறு பட்டறையைத் தேடிப் பிடிக்கவும், கால் அளவு பொருந்தாவிட்டால் திருத்தவும் அவகாசம் வேண்டும். திருமணத்துக்கு இரண்டு மாதமாவது இருந்தால்தான் இதில் இறங்கலாம்.

ஒட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் தாமே செய்வதா, கூலிக்குக் கொடுப்பதா என்று கேட்கலாம். கொடுக்கும்போது ஜோடிக்கு இவ்வளவு என்று பேசாமல், கல்லையும் பசையையும் நாமே வாங்கிக் கொடுத்து, ஒட்டும் கூலியைத் தனியாகப் பேசுவது நல்லது. மொத்தமாகப் பேசினால் பசையில்தான் முதலில் கை வைக்கப்படும் என்பது என் எண்ணம். முழு ஜோடியும் மூடுவதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். எட்டு மணி நேரத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் பழகாத கையின் வரிசை கோணத் தொடங்கும். முனையும் ஹீலும் மட்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். முதலில் ஹீலின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே வரிசை கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் படாது, முனைக்கு வருவதற்குள் கை பழகிவிடும்.

ஹீல்ஸை எங்கே வாங்குவது என்பதும் முடிவின் ஒரு பகுதி. வேலூர் லாங் பஜார் பக்கம் கிடைக்கும் விலை குறைந்த ரெக்ஸின் ஹீல்ஸின் பூச்சு சீக்கிரம் செதிலாக உரியும். அதன் மேல் நல்ல கல்லை ஒட்டுவது வீண் செலவு. ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய தோல் ஹீல்ஸ் அவ்வப்போது வரும். அளவும் நிறமும் நம் விருப்பத்துக்கு அமையாது என்றாலும், கல் மூடப் போகும் ஷூவுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை. வெளிர் சாம்பல், வெள்ளை, தோல் நிறம் ஆகிய மூன்றில் எதுவானாலும் நிறமற்ற கல்லின் இடைவெளிகளில் உறுத்தாது. கறுப்பு மட்டும் வேண்டாம், ஒவ்வோர் இடைவெளியும் புள்ளியாகத் தெரியும். பஸ் ஸ்டாப்புக்குப் போய்வரும்போதும் வேலைக்குப் போகும்போதும் அதே ஹீல்ஸை அணிய நினைப்பவர்கள் ஹீலில் மட்டும் கல் பதித்துக்கொண்டு அப்பரைத் தொடாமல் விட்டுவிடலாம்.

என்னிடம் கேட்டால், இரண்டு மாத அவகாசமும் பட்டறைத் தொடர்பும் இருப்பவர்களுக்கு ஆரி அப்பர். அது இல்லாதவர்களுக்குச் சாதாரணத் தோல் ஹீல்ஸில் முனை, குதிகால், ஹீல் ஆகிய மூன்று இடங்களிலும் வளையும் பசையால் கண்ணாடிக் கல், வாய் விளிம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒரு வரிசை ஸ்டோன் செயின். வாரக் கடைசியில் திருமணம், இன்று திங்கள் என்றால் செயின் மட்டும் போதும். கல் ஒட்டிய பசை பலம் பெறுவதற்கு முன் ஷூவை அணிந்தால் எல்லா உழைப்பும் மேடைக் கம்பளத்தில் சிந்திவிடும். எந்த வழியானாலும் ஒட்டிய அளவுகளில் இருபது இருபது கற்களையும், மூடி இறுகிய ஒரு சிறு பசை டியூபையும் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹீல்ஸைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு காலின் கற்கள் மறு காலில் உரசாதபடி தனித்தனித் துணிப் பையில் போட்டு, நடுவில் ஒரு அட்டை வைத்துவிடுங்கள்.